பிரேக் மோட்டாரின் ரெக்டிஃபையரும் டேப் சுற்றி ஒதுக்கிய இரண்டு வயர்களும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். புதுவயலில் உள்ள உங்கள் அரிசி ஆலையில் மூட்டைகளை மேல்தளத்துக்கு ஏற்றும் ஹாய்ஸ்டில் 5 குதிரைத்திறன் பிரேக் மோட்டார் ஓடுகிறது. பிரேக்குக்கு வேண்டிய டி.சி.யை ஏ.சி.யிலிருந்து எடுத்துக் கொடுக்கும் அதன் ரெக்டிஃபையர், பல ஆண்டுகள் உழைத்து, ஆறு மாதங்களுக்கு முன் போயிற்று. கடையில் கிடைத்த வேறொன்றைப் போட்டதில் அது இரண்டு மாதமும், அதற்கடுத்தது ஒரு மாதமும்தான் தாங்கின. மூன்றாவதைப் பொருத்தியபோது, அதில் நான்கு டெர்மினல்களே இருந்ததால், உங்கள் மெக்கானிக் இரண்டு வயர்களைத் தேவையில்லாதவை என்று டேப் சுற்றி ஒதுக்கிவிட்டார். அன்றிலிருந்து ரெக்டிஃபையர் போகவில்லை. ஆனால் ஸ்டாப் பட்டனை அழுத்திய பிறகு மூட்டை ஒரு சாணுக்கு மேல் சறுக்கி இறங்குகிறது. “டி.சி. வருது, ரெக்டிஃபையர் நல்லாத்தான் இருக்கு” என்பது அவருடைய தீர்ப்பு. பிசின் ஊற்றி மூடிய அந்தச் சிறு பெட்டியை எப்படிச் சோதிப்பது, சரியான ரெக்டிஃபையரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று: இந்தப் பதிலைப் படித்து முடித்து, கீழே சொல்லும் சோதனைகளைச் செய்து முடிக்கும்வரை, அந்த ஹாய்ஸ்டின் கீழே யாரும் நிற்க வேண்டாம். நம் பக்கத்து ஆலைகளில் மூட்டையோடு ஆளும் ஏறிப்போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

உங்களுடைய இரண்டு தொல்லைகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. ஒதுக்கப்பட்ட அந்த இரண்டு வயர்களும் பிரேக்கை உடனே பிடிக்கவைப்பதற்காக மோட்டாரைச் செய்தவர்கள் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரிலிருந்து இழுத்துக் கொடுத்தவை என்றே நான் கருதுகிறேன். அவற்றைத் தவறான ரெக்டிஃபையரோடு சேர்த்ததால் முதல் இரண்டும் செத்தன. அவற்றைப் பிரித்ததால் மூன்றாவது பிழைத்தது, மூட்டை சறுக்குகிறது. ஏன் அப்படி என்பதைப் பார்க்க, பிரேக்கின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும்.

இந்த வகைப் பிரேக்கில் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது மின்சாரம். மோட்டாரின் பின்பக்க மூடியில் காயிலைத் தாங்கிய இரும்பு உடலும், அதற்கு முன்னால் ஓர் இரும்புத் தகடும், தகட்டுக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு பக்கமும் லைனிங் ஒட்டிய தட்டும் இருக்கும். மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங்குகள் தகட்டைத் தள்ளி, ஷாஃப்ட்டோடு சுழலும் லைனிங் தட்டை நெரித்துப் பிடித்துவிடும். காயிலுக்கு டி.சி. கிடைத்ததும் தகடு “டக்” என்ற ஒரே ஓசையோடு பின்னுக்கு இழுபட்டு ஒட்டிக்கொள்ள, ஷாஃப்ட் விடுபடும். கரண்ட் போனால் மூட்டை அந்தரத்தில் அப்படியே நிற்பது இதனால்தான். ஏ.சி.யில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தகடு அதிரும், மேலும், ஏ.சி. காயிலில் தகடு முழுதாக ஒட்டாவிட்டால் மின்னோட்டம் பல மடங்கு ஏறிக் காயில் எரிந்துவிடும். டி.சி. காயிலுக்கு அந்தப் பயம் இல்லை, ஏனெனில் அதில் ஓடும் மின்னோட்டத்தைக் கம்பியின் மின்தடை மட்டுமே தீர்மானிக்கிறது. ஆகையால் டி.சி. பிரேக் விடாமல் நின்றால் காயில் எரியாது. இறுக்கிய பிரேக்கோடு ஓட முயன்று லைனிங்கும் மோட்டார் வைண்டிங்கும்தான் எரியும். எரிந்த மோட்டாரை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் பிரேக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை. நாங்கள் மூடியைத் திறந்து, கருகிய லைனிங்கின் வாசனையை முகர்ந்த பிறகுதான் கதை தெரியவரும்.

பாடநூல்கள் மின்திருத்தி என்று சொல்லும் ரெக்டிஃபையரின் வேலை, மோட்டாருக்கு வரும் ஏ.சி.யிலிருந்து இந்த டி.சி.யை எடுத்துக் கொடுப்பது. பிரேக்குகளுக்கு வருவன பெரும்பாலும் இரண்டே வகை. ஏ.சி. அலையின் ஒரு பாதியை மட்டும் எடுக்கும் அரை அலை ரெக்டிஃபையர் உள்ளே போகும் ஏ.சி. வோல்ட்டில் 0.45 பங்கை டி.சி.யாகக் கொடுக்கும், இரண்டு பாதியையும் எடுக்கும் முழு அலை ரெக்டிஃபையர் 0.9 பங்கைக் கொடுக்கும். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் பிரேக்கின் பெயர்ப்பலகையில் 190 வோல்ட் டி.சி. என்று பொறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஃபேஸ்களுக்கிடையே 415 வோல்ட், அதை 0.45ஆல் பெருக்கினால் 187. ஆக, உங்கள் காயில் இரண்டு ஃபேஸ்களிலிருந்து அரை அலை ரெக்டிஃபையர் வழியாக ஊட்டப்படுவதற்கென்றே சுற்றப்பட்டது. அதேபோல் 105 வோல்ட் காயில் என்றால் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலுள்ள 240 வோல்ட்டில் அரை அலை என்றும், 205 வோல்ட்டை ஒட்டிய காயில் என்றால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே முழு அலை என்றும் எண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.

கடைக்காரர் “பிரேக் ரெக்டிஃபையர்” என்று எடுத்துக் கொடுப்பது இந்தக் கணக்கில் எங்கே விழுகிறது என்பதைப் பார்க்காமல் மாட்டுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. செட்டிநாட்டில் ஐந்தொகை போட்டுப் பார்க்காமல் கடையை மூடமாட்டார்கள் என்பார்கள், 0.45 என்ற ஒரே பெருக்கலைப் போட்டுப் பார்க்க மட்டும் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. உங்கள் 190 வோல்ட் காயிலுக்கு 415 வோல்ட்டில் முழு அலை ரெக்டிஃபையரைப் போட்டால் 373 வோல்ட் போகும். வோல்ட் ஏறத்தாழ இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதால், 40 வாட்டுக்குச் செய்த காயில் 150 வாட்டைத் தாங்க வேண்டியிருக்கும். அது சில மணி நேரமும் தாங்காது. மாறாக, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அரை அலை ரெக்டிஃபையரைப் போட்டால் 108 வோல்ட்தான் கிடைக்கும். இழுவிசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து தகடு அசையவே அசையாது. இவை இரண்டும் உடனே வெளிப்பட்டுவிடும் தவறுகள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே முழு அலை ரெக்டிஃபையரைப் போட்டுவிடுவது இவற்றைவிட மோசம். அப்போது 216 வோல்ட் கிடைக்கும், பிரேக் நன்றாகவே வேலை செய்யும், மெக்கானிக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். காயில் மட்டும் 30 சதவீதம் கூடுதல் சூட்டில் கிடந்து சித்திரை வெயிலில் ஒருநாள் எரியும்.

அரை அலை ரெக்டிஃபையருக்குள் இருப்பவை முக்கியமாக, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு டயோடுகள். ஒன்று ஏ.சி.யின் ஒரு பாதியை மட்டும் காயிலுக்கு அனுமதிக்கும். இதைத் தொடர் டயோடு என்று வைத்துக்கொள்வோம். மற்றது காயிலின் குறுக்கே தலைகீழாக நிற்கும்; இதை ஃப்ரீவீலிங் டயோடு என்பார்கள். கிணற்று ராட்டினத்தை ஒருமுறை இழுத்துவிட்டால் கையை எடுத்த பிறகும் சற்றுச் சுழல்வதைப்போல, காயிலில் ஓடத் தொடங்கிய மின்னோட்டம் சட்டென்று நிற்க விரும்பாது. ஏ.சி.யின் மறுபாதி வரும்போது தொடர் டயோடு கதவை மூடிக்கொள்ள, காயிலின் மின்னோட்டம் இந்த ஃப்ரீவீலிங் டயோடு வழியே சுற்றி வந்துகொண்டிருக்கும். இதனால்தான் துண்டு துண்டாக வரும் அரை அலையிலும் பிரேக் அதிராமல் இழுத்துப் பிடிக்கிறது.

நல்ல வேலைதான், ஆனால் இதே டயோடுதான் நிறுத்தும்போது தாமதத்தையும் தருகிறது. ரெக்டிஃபையருக்கு முன்னால், அதாவது ஏ.சி. பக்கத்தில் மின்சாரத்தைத் துண்டித்தால், காயிலின் மின்னோட்டம் ஃப்ரீவீலிங் டயோடு வழியே மெல்லச் சுற்றி, மெல்லத் தேய்ந்து, அதன் பிறகே ஸ்பிரிங் வெல்லும். ரெக்டிஃபையருக்கும் காயிலுக்கும் நடுவே, அதாவது டி.சி. பக்கத்தில் துண்டித்தால், சுற்றிவர வழியில்லாமல் மின்னோட்டம் அந்தக் கணமே செத்துவிடும். பிரேக் பல மடங்கு வேகமாகப் பிடிக்கும். கன்வேயருக்கும் விசிறிக்கும் முதல் வகை போதும். மின்விசிறி கால் நொடி தாமதமாக நின்றால் யாருக்கும் நட்டமில்லை. மூட்டை தொங்கும் ஹாய்ஸ்டுக்கு அது போதாது. நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் இறங்கும் மூட்டை, பிரேக் தாமதிக்கும் ஒவ்வொரு பத்தில் ஒரு நொடிக்கும் 3 சென்டிமீட்டருக்கு மேல் போகும். அதற்கு மேல், மோட்டாரின் பிடியும் இல்லாத அந்த இடைவேளையில் மூட்டையின் எடை வேகத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொன்ன ஒரு சாண் இப்படித்தான் சேருகிறது.

டி.சி. பக்கத்தில் துண்டிப்பதற்கென்று செய்த ரெக்டிஃபையர்களில் நான்குக்குப் பதிலாக ஆறு டெர்மினல்கள் இருப்பது வழக்கம்: இரண்டு ஏ.சி.க்கு, இரண்டு காயிலுக்கு, இரண்டு இந்தத் துண்டிக்கும் கான்டாக்ட்டுக்கு. கடைசி இரண்டையும் ஒரு சிறு பித்தளைத் துண்டோ வயரோ இணைத்தபடி வரும். வேகமாக நிறுத்த வேண்டுமென்றால் அந்த இணைப்பைக் கழற்றி, கான்டாக்டரின் இரண்டு வயர்களை அங்கே கொடுக்க வேண்டும். எண்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்தே இணையுங்கள். உங்கள் பழைய ரெக்டிஃபையர் தூக்கிப் போடாமல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் ஆறு டெர்மினல்கள் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் முதல் இரண்டு புது ரெக்டிஃபையர்கள் ஏன் செத்தன? ஓடுகிற மின்னோட்டத்தைச் சட்டென்று அறுத்தால் காயில் உதைக்கும். 190 வோல்ட் காயிலின் முனைகளில் அந்த உதைப்பு ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எழும். ஆறு டெர்மினல் ரெக்டிஃபையருக்குள் இதை வாங்கிக்கொள்வதற்கென்று வேரிஸ்டர் என்னும் உறுப்பு இருக்கும். சாதாரண வோல்ட்டில் ஊமையாக இருந்து, வோல்ட் வரம்பு மீறும்போது மட்டும் கடத்தி, உதைப்பை வெப்பமாக்கி விழுங்கிவிடும். உங்கள் மெக்கானிக், வேரிஸ்டர் இல்லாத மலிவு ரெக்டிஃபையரைப் போட்டு, கான்டாக்ட்டைக் காயில் வயரின் நடுவே தொடராகச் சேர்த்திருப்பார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கான்டாக்ட்டில் பொறி பறந்திருக்கும். அது பற்றிப் பற்றி அணையும்போது எழும் உதைப்புகள் கான்டாக்ட்டையும் காயிலின் எனாமலையும் டயோடுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். நாளைக்கு இருநூறு முறை நிறுத்தும் ஹாய்ஸ்டில் இரண்டு மாதம் தாங்கியதே பெரிது. ஆகவே புது ரெக்டிஃபையர் போடுவதற்கு முன் அந்தக் கான்டாக்ட்டைக் கழற்றிப் பாருங்கள். முனை உருகி ஒட்டியிருந்தால், நீங்கள் எத்தனை நல்ல ரெக்டிஃபையரை வாங்கினாலும் மூட்டை சறுக்கிக்கொண்டேதான் இருக்கும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் அரிசி ஆலைகளில் இது அடிக்கடி கண்ணில் படுகிறது. பவர் ஃபேக்டர் அபராதத்தைத் தவிர்க்க மோட்டார் ஒவ்வொன்றுக்கும் அருகே கெப்பாசிட்டர் மாட்டியிருப்பார்கள். பிரேக்கின் ஏ.சி. மோட்டார் டெர்மினலிலிருந்தே எடுக்கப்பட்டிருந்து, கெப்பாசிட்டரும் அதே டெர்மினலில் இருந்தால், கான்டாக்டர் விட்ட பிறகும் சுழலும் மோட்டார் கெப்பாசிட்டரின் துணையோடு ஜெனரேட்டராக மாறி, ரெக்டிஃபையருக்குத் தொடர்ந்து ஊட்டிக்கொண்டிருக்கும். கீழே இழுக்கும் மூட்டை மோட்டாரைச் சுழற்ற, சுழலும் மோட்டார் பிரேக்கைத் திறந்தே வைத்திருக்கும். ஹாய்ஸ்ட் மோட்டாரின் டெர்மினலில் கெப்பாசிட்டர் கூடவே கூடாது. அதை மெயின் போர்டுக்கு நகர்த்திவிடுங்கள். கெப்பாசிட்டர் இல்லாவிட்டாலும் மோட்டாரின் எஞ்சிய காந்தம் சில கணங்களுக்கு வோல்ட் தரும் என்பதால், ஹாய்ஸ்டில் பிரேக்குக்குத் தனி லைன் கொடுத்துத் தனிக் கான்டாக்டர் வைப்பதே என் விருப்பம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. டிரைவ் வைத்த மோட்டாரில் தனி லைன் கட்டாயம். டிரைவின் வெளிவரும் வோல்ட் வேகத்தோடு ஏறி இறங்குவதால் அதிலிருந்து பிரேக்குக்கு எடுக்கவே முடியாது.

இனி சோதனை. கொக்கியைத் தரையில் இறக்கி எடையை முழுதும் அகற்றுங்கள். மெயினை அணைத்து ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் வோல்ட் இல்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்த பிறகே ரெக்டிஃபையரின் எல்லா வயர்களையும், குறிப்பாகக் காயில் வயர்களை, கழற்றுங்கள். காயிலைக் கழற்றாமல் டயோடைச் சோதித்துப் பயனில்லை. மல்டிமீட்டரின் டயோடு நிலையில் செல்லும் சிறு மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர். 900 ஓம் காயில் குறுக்கே இருந்தால் இரண்டு திசையிலும் ஏதோ ஒரு எண் காட்டும், நல்ல டயோடு கசிகிறது என்று நினைத்துக் குப்பையில் போடுவீர்கள்.

காயிலை முதலில் பாருங்கள். அதன் மின்தடை வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்த எண்ணாக இருக்க வேண்டும். 190 வோல்ட், 40 வாட் என்றால் 900 ஓம். பெயர்ப்பலகையில் உள்ள வாட்டை வைத்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். இது 20 டிகிரியில் சொல்வது; நம் ஊர் வெயிலில் 38 டிகிரியில் 960 ஓம் காட்டினால் கவலை வேண்டாம், செம்பு அப்படித்தான் ஏறும். ஓடி நின்ற சூட்டில் அதைவிட அதிகமும் காட்டும். குளிர்ந்த காயிலில் 900க்குப் பதில் 600 என்றால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன; அது புது ரெக்டிஃபையரையும் இழுத்துக்கொண்டு போகும். காயிலுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே மின்கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பாருங்கள், ஆனால் ரெக்டிஃபையர் எங்கும் இணைந்திருக்கக் கூடாது. மெகரின் வோல்ட் டயோடுகளையும் வேரிஸ்டரையும் கெடுக்கும்.

அடுத்து பெட்டி. பிசினுக்குள் இருந்தாலும் டெர்மினல்களே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அரை அலை ரெக்டிஃபையரில் ஏ.சி. டெர்மினல்களில் ஒன்று காயிலின் எதிர் டெர்மினலோடு நேராக இணைந்திருக்கும். அந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ பூஜ்யம் ஓம் காட்டினால் பயப்பட வேண்டாம், அது ஷார்ட் இல்லை. மற்ற ஏ.சி. டெர்மினலில் சிவப்பு முனையையும் நேர் டெர்மினலில் கறுப்பையும் வைத்தால் 0.4 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், மாற்றி வைத்தால் எதுவும் காட்டக் கூடாது. இது தொடர் டயோடு. எதிர் டெர்மினலில் சிவப்பையும் நேர் டெர்மினலில் கறுப்பையும் வைத்தால் அதே 0.4 முதல் 0.7 வரை, மாற்றினால் ஒன்றுமில்லை. இது ஃப்ரீவீலிங் டயோடு. கடைசியாக இரண்டு ஏ.சி. டெர்மினல்களுக்கும் இடையே இரண்டு திசையிலும் எதுவும் காட்டக் கூடாது. இந்த ஒரு சோதனையை மட்டும் நான் கடையிலேயே வைத்துச் செய்துவிடுவேன்; இங்கே எண் விழுந்தால் ஏதோ ஒரு டயோடு ஒட்டிவிட்டது, மாட்டினால் ஃபியூஸ் போகும். முழு அலை வகையில் எதிர் டெர்மினலில் சிவப்பை வைத்து ஒவ்வொரு ஏ.சி. டெர்மினலிலும் கறுப்பை வைக்க ஒரு டயோடும், நேர் டெர்மினலில் கறுப்பை வைத்தால் இரண்டு டயோடுகள் சேர்ந்து ஏறத்தாழ 1 வோல்ட்டும் காட்டும். ஆறு டெர்மினல் வகையில் இணைப்புத் துண்டு கழன்றிருந்தால் காயில் பக்கம் ஒன்றுமே காட்டாது. அதை வைத்துப் பெட்டி செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். தொடங்கும்போது சில பத்தில் ஒரு நொடிகள் முழு அலையையும் பிறகு அரை அலையையும் கொடுக்கும் வேக ரெக்டிஃபையர்களில் மின்னணுச் சுற்று இருப்பதால், அவற்றை ஓடவிட்டுத்தான் சோதிக்க முடியும்.

ஓடவிட்டுச் சோதிப்பதில்தான் உங்கள் மெக்கானிக்கின் தீர்ப்பு தடுமாறுகிறது. “டி.சி. வருது” என்று அவர் சொன்னபோது மீட்டரின் குமிழ் எங்கே இருந்தது என்று கேளுங்கள். டி.சி.யை நாளெல்லாம் ஆராய்கிற சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953லிருந்து நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனைக்கு அவ்வளவு படிப்பு வேண்டாம், குமிழை டி.சி.க்குத் திருப்பினால் போதும். அரை அலையில் ஏற்ற இறக்கம் மிக அதிகம். நல்ல மீட்டரை ஏ.சி. நிலையில் வைத்து 187 வோல்ட் டி.சி.யை அளந்தால் 220க்கு மேல் காட்டும். பட்டறை தொடங்கிய புதிதில் ஒரு நூற்பாலையில் நானே அப்படிப் படித்துவிட்டு, வோல்ட் அதிகமாக வருகிறது, காயில்தான் கெட்டது என்று சொல்லி, நன்றாக இருந்த காயிலை அறுத்துச் சுற்றிக் கொடுத்தேன். மாட்டியபோது பழைய கதையே தொடர்ந்தது. அந்தக் கூலியை நான் வாங்கவில்லை.

அதைவிடப் பெரிய பிழை, காயிலை இணைக்காமல் அளப்பது. ஃப்ரீவீலிங் டயோடு அறுந்துபோன ரெக்டிஃபையரும் வெறுமனே அளந்தால் 187 வோல்ட் காட்டும், ஏனெனில் அந்த டயோடுக்கு வேலை வருவதே காயில் இணைந்த பிறகுதான். காயிலை இணைத்ததும் அதன் மின்னோட்டம் சுற்றிவர வழியில்லாமல் எதிர்ப்பாதியிலும் தொடர் டயோடைத் திறந்தே வைத்திருக்கும். சராசரி வோல்ட் விழுந்துவிடும். பிரேக் “உர்ர்” என்று முனகி, விட்டும் விடாமலும் அதிரும். எனவே காயில் டெர்மினலில், காயில் இணைந்த நிலையில், டி.சி. குமிழில் அளப்பதே அளவு. ஏ.சி. பக்கம் 415 இருந்து அங்கே 180க்கும் 190க்கும் நடுவே நிலையாக நின்றால் ரெக்டிஃபையர் குற்றமற்றது. இணைக்காதபோது சரியாக இருந்து இணைத்ததும் பாதியாகவோ அதற்கும் கீழோ இறங்கினால் ஃப்ரீவீலிங் டயோடு போயிற்று. முழு அலை வகையில் எதிர்பார்த்ததில் பாதி வந்தால் நான்கில் ஒரு டயோடு அறுந்துவிட்டது. ஒன்றுமே வராமல் ஏ.சி. இருந்தால் தொடர் டயோடு அல்லது அந்த இணைப்புத் துண்டு.

காயில் கைவசம் இல்லாதபோது குண்டு பல்பு வைத்து ரெக்டிஃபையரைச் சோதிப்பது பட்டறை வழக்கம். அதில் ஒரு கண்ணி உண்டு. 187 வோல்ட்தானே என்று 240 வோல்ட் பல்பு ஒன்றை மாட்டினால், அது வெள்ளை வெளேரென்று எரிந்து, கண்ணைக் கூசவைத்து, கொஞ்ச நேரத்தில் போய்விடும். 415 வோல்ட்டின் அரை அலையில் மீட்டர் காட்டும் சராசரி 187ஆக இருந்தாலும், பல்பை உண்மையில் சூடாக்கும் அளவு, அதாவது ஆர்.எம்.எஸ்., 293 வோல்ட். இரண்டு பல்புகளைத் தொடராக மாட்டுங்கள்; மங்கலாக, பாதுகாப்பாக எரியும். பல்பு மின்தடை மட்டுமே உள்ளது என்பதால் ஃப்ரீவீலிங் டயோடின் குறையை அது காட்டாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வோல்ட் சரியாக இருந்தும் பிரேக் விடாவிட்டால், பழியை ரெக்டிஃபையரின் மேல் போடாமல் இடைவெளியைப் பாருங்கள். தகட்டுக்கும் காந்த உடலுக்கும் இடையே புதிதில் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருக்கும். லைனிங் தேயத் தேய அது கூடும், கூடக்கூட இழுவிசை சரிந்துகொண்டே போகும். மூன்று இடங்களில் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளை விட்டு, மூன்றும் ஒன்றாக இருக்கும்படி நட்டுகளைத் திருகிச் சரிசெய்யுங்கள். அரிசி ஆலையில் தவிடும், புழுங்கல் ஆவியின் ஈரமும் சேர்ந்து அந்த இடுக்கில் பிசுக்காக உறைந்துவிடும். உங்களுடையதைத் திறந்தால் அடை அடையாக வரும் என்று பந்தயம் கட்டுவேன். மாலை நேரத்தில் லைன் 360 வோல்ட்டுக்கு இறங்குகிறது என்றால் இழுவிசை முக்கால் பங்குதான் மிஞ்சும். பகலில் சரியாக விடும் பிரேக் மாலையில் மட்டும் தகராறு செய்தால், இடைவெளி எல்லையில் நிற்கிறது என்று பொருள்.

புதிதாக வாங்கும்போது 415 வோல்ட் உள்ளீடு, அரை அலை, 190 வோல்ட் வெளியீடு, டி.சி. பக்கம் துண்டிக்கும் டெர்மினல்கள், உள்ளே வேரிஸ்டர், காயிலின் மின்னோட்டத்தைப்போல் சில மடங்கு தாங்கும் திறன் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். உங்கள் காயில் எடுப்பது 0.2 ஆம்பியரைச் சுற்றித்தான், எனவே 1 ஆம்பியர் பெட்டியே தாராளம். இரண்டு 1என்4007 டயோடுகளை வைத்துப் பத்து ரூபாயில் செய்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்; கணக்குப்படி தவறில்லை, அது 1000 வோல்ட் தாங்கும், 415இன் உச்சம் 587தான். ஆனால் மோட்டார் கான்டாக்டர் விடும்போதெல்லாம் அதே டெர்மினலில் எழும் உதைப்பு 1000ஐ எளிதில் தாண்டும். அவசரத்துக்கு ஒருநாள் ஓட்ட அதைச் செய்திருக்கிறேன். தலைக்குமேல் மூட்டை தொங்கும் இடத்தில் நிரந்தரமாக வைக்கமாட்டேன்.

உங்கள் வேலை வரிசை இப்படி இருக்கட்டும்: கான்டாக்ட்டைப் பாருங்கள், காயில் ஓமை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கெப்பாசிட்டர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், இடைவெளியைச் சரிசெய்யுங்கள், பிறகே ஆறு டெர்மினல் ரெக்டிஃபையரை வாங்கி, அந்த இரண்டு வயர்களின் டேப்பைப் பிரித்து அவற்றின் இடத்தில் சேருங்கள். முதலில் வெறும் கொக்கியோடும், பிறகு ஒரு மூட்டையோடு தரையிலிருந்து ஒரு முழ உயரத்திலும் நிறுத்திப் பாருங்கள். அப்போதும் நான்கு விரற்கடைக்கு மேல் சறுக்கினால், காயில் ஓமையும், காயில் இணைந்த நிலையில் எடுத்த டி.சி. அளவையும், மூன்று இடத்து இடைவெளியையும் எழுதி அனுப்புங்கள். டெர்மினல் பாக்ஸை மூடும்போது பழைய ரப்பர் கேஸ்கட்டை மாற்றிவிடுங்கள். தவிடு போகிற வழி அதுதான்.